25 விநாடிகள்: போட்டி டென்னிசில் மனப்பயிற்சியும் இலக்கும்

டென்னிசில் கடிகாரம் யாரையும் காப்பாற்றுவதில்லை. கால்பந்தில் ஒரு கோல் முன்னிலை பெற்ற அணி கடைசிப் பத்து நிமிடங்களைப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட்டிவிடலாம். கிரிக்கெட்டில் மழை வரலாம், டிரா ஆகலாம். டென்னிசில் எவ்வளவு முன்னால் இருந்தாலும் கடைசிப் புள்ளியை வென்றுதான் தீர வேண்டும். அதுவரை எதிராளி தோற்றவர் ஆவதில்லை. 1966 டிசம்பரில் கல்கத்தா சவுத் கிளப்பில் பிரேசிலின் தாமஸ் கோச் இப்படி ஓர் இடத்தில்தான் நின்றிருந்தார். டேவிஸ் கோப்பையின் மண்டலங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டி. இரு நாடுகளும் 2-2. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் இரண்டு செட்டுக்கு ஒன்று என முன்னிலை, நான்காவது செட்டிலும் 5-2. எதிரே இந்தியாவின் ராமநாதன் கிருஷ்ணன். அங்கிருந்து கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து அந்த செட்டை 7-5 என முடித்தார், அடுத்ததை 6-2 என வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் கடைசிச் சுற்றுக்குப் போனது.

இதே விதி மறுபக்கமும் வெட்டும். 1993 விம்பிள்டன் இறுதியில் ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் யானா நோவோட்னா 4-1 முன்னிலை. தன் சர்வில் 40-30. அந்த இடத்தில் ஓர் இரட்டைத் தவறு. கேம் போனது, அதற்குப் பின் ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2004-இல் பாரிசில், பிரெஞ்சு ஓபன் இறுதியில், கியர்மோ கோரியா முதல் இரண்டு செட்டுகளை 6-0, 6-3 என்று வாரிச் சுருட்டினார். நடுவில் கால்கள் பிடித்துக்கொண்டன. களைப்பைவிடப் பதற்றமே அதற்குக் காரணம் என்று பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். ஐந்தாவது செட்டில் இரண்டு மேட்ச் பாயிண்டுகள் கையில் இருந்தும் காஸ்டன் காடியோவிடம் 8-6 என்று தோற்றார். கோரியாவுக்கு அதன்பின் ஒரு கிராண்ட் ஸ்லாம் இறுதியும் வாய்க்கவில்லை. நோவோட்னா 1998-இல் அதே விம்பிள்டனை வென்றார்.

மனம் முக்கியம் என்பதில் டென்னிஸ் ஆடும் யாருக்கும் ஐயமில்லை. அதைப் பழக்க முடியுமா, எதைப் பழக்குவது, இலக்கு வைத்தல் என்று எல்லா அகாடமிகளிலும் சொல்லப்படுவதால் உண்மையில் பயன் உண்டா என்பவைதான் கேள்விகள். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியையும் ஆட்டக்காரர்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மனப்பயிற்சியையும் இலக்கையும் இரண்டு தனிப் பாடங்களாக நடத்துவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. ஆண்டுத் தொடக்கத்தில் நோட்டில் எழுதிய இலக்கு, 30-40 என்று தள்ளாடும்போது அடுத்த பந்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுவரை இறங்கி வராவிட்டால் அது வெறும் ஆசை. அடுத்த பந்துக்கான மன ஒழுங்கு, நாம் எங்கே போகிறோம் என்பதோடு இணையாவிட்டால் அது வெறும் மூச்சுப் பயிற்சி.

முதலில் மனத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். வர்ணனையாளர்கள் ஒவ்வொரு பிரேக் பாயிண்டிலும் 'வேகம் இவர் பக்கம் திரும்பிவிட்டது' என்பார்கள். நெதர்லாந்தின் ஃபிராங்க் கிளாசன், யான் மாக்னுஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் இதைச் சோதித்தார்கள். 1992 முதல் 1995 வரையான விம்பிள்டன் ஆட்டங்களிலிருந்து ஏறக்குறைய 90,000 புள்ளிகளை எடுத்து, ஒரு புள்ளியின் முடிவு அடுத்த புள்ளியைப் பாதிக்கிறதா, முக்கியமான புள்ளியில் ஆட்டம் மாறுகிறதா என்று கணக்கிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். இரண்டும் உண்மை, ஆனால் சிறிய அளவில் என்பதே விடை. முந்தைய புள்ளியை வென்றவருக்கு அடுத்ததிலும் சற்றே கூடுதல் வாய்ப்பு. முக்கியமான புள்ளியில் சர்வ் செய்பவருக்குச் சற்றே கூடுதல் சிரமம். இந்த விலகல் தரவரிசையில் மேலே இருப்பவர்களிடம் குறைவாகவும் கீழே இருப்பவர்களிடம் அதிகமாகவும் தெரிந்தது.

அந்தக் கடைசி வரியை நம் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மனப்பயிற்சி ஜோகோவிச்சுக்கும் ஷ்வியான்டெக்குக்கும் உரிய ஆடம்பரம், நம் பிள்ளைகளுக்கு முதலில் ஃபோர்ஹேண்ட் சரியாகட்டும் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. தரவு சொல்வது இதற்கு நேர்மாறு. உலகின் முதல் பத்துப் பேர் பெரிய புள்ளியையும் சாதாரணப் புள்ளியையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடக் கற்றுவிட்டார்கள். மாவட்ட அளவில் ஆடும் பதினான்கு வயதுப் பிள்ளைதான் 4-5 என்று ஆனதும் வேறு ஆளாக மாறிப்போகிறது. ஆதாயம் அங்கேதான் அதிகம்.

சிறிய விலகலுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்கலாம். டென்னிசின் எண்ணிக்கை முறை சிறியதைப் பெரிதாக்கும். 2024-இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு உரையில் ரோஜர் ஃபெடரர் தன் கணக்கைச் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்கள், அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு வெற்றி, ஆனால் வென்ற புள்ளிகள் வெறும் 54 விழுக்காடு. புள்ளிக்கு நான்கு விழுக்காடு கூடுதல் என்பது ஐந்தில் நான்கு ஆட்டங்களைத் தருகிறது என்றால், பதற்றம் பறித்துக்கொள்ளும் ஒரு விழுக்காடும் சாதாரணமானதல்ல. எந்தப் புள்ளி என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் வென்ற புள்ளிகள் 218, ஜோகோவிச் வென்றவை 204. கோப்பை ஜோகோவிச்சுக்கு. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் தன் சர்வில் நின்றார். இரண்டு மேட்ச் பாயிண்டுகளும் போயின. அன்று நடந்த மூன்று டை-பிரேக்குகளையும் எடுத்தவர் ஜோகோவிச்.

ஃபெடரரின் கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரே ஆடிய புள்ளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றை இழந்திருக்கிறார். ஆக, டென்னிஸ் ஆட்டக்காரர் கற்க வேண்டிய முதல் மனத்திறன் இழந்த புள்ளியிலிருந்து எழுவது. நம்பிக்கை, உற்சாகம், 'வெல்லும் மனநிலை' எல்லாம் அதற்குப் பிறகு.

புள்ளிகளுக்கு நடுவே

ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும் நேரம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதி நேரம் நடப்பது, துண்டால் துடைப்பது, பந்து வாங்குவது, நாற்காலியில் உட்கார்வது. புள்ளிகளுக்கு இடையே 25 விநாடி, பக்கம் மாறும்போது 90 விநாடி, செட் முடிந்தால் இரண்டு நிமிடம் என்பது விதி. மனம் ஓடுவதும் சறுக்குவதும் இந்த இடைவெளிகளில்தான். பந்து வரும்போது யோசிக்க நேரமில்லை. பந்து இல்லாதபோது யோசிக்க நேரம் மிக அதிகம்.

இதை முறையாக முதலில் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜிம் லோயர். 1980-களில் அவர் முன்னணி ஆட்டக்காரர்களின் ஒளிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அடிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு தெரியாத இருவர், புள்ளி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை முற்றிலும் வேறாக நடந்துகொண்டார்கள். அவர் இதயத் துடிப்பையும் அளந்தார். சிறந்த ஆட்டக்காரர்களுக்கு 16 முதல் 20 விநாடிகளுக்குள் நிமிடத்துக்கு 20 துடிப்புகள்வரை குறைந்தன. இதிலிருந்து அவர் நான்கு படிகள் கொண்ட ஓர் ஒழுங்கை வகுத்தார். புள்ளி முடிந்ததும் தோள் தொங்காமல் ராக்கெட்டை மறு கைக்கு மாற்றி நிமிர்ந்து திரும்புவது முதல் படி. பின் மூச்சை நீளமாக விட்டு, கண்ணை ராக்கெட் நரம்புகளிலோ தரையிலோ வைத்து உடலைத் தளர்த்துவது. மூன்றாவது, எண்ணிக்கையைத் தனக்குள் சொல்லி அடுத்த புள்ளியை எப்படி ஆடுவது என்று முடிவெடுப்பது. கடைசியாகச் சர்வுக்கோ ரிட்டர்னுக்கோ உரிய சடங்கு: இத்தனை முறை பந்தைத் தட்டுவது, இத்தனை முறை காலை அசைப்பது.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் புள்ளி முடிந்த கையோடு மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறார்கள். துடிப்பு இறங்காத உடம்போடு 'ஏன் அந்த பேக்ஹேண்ட் போச்சு' என்று ஆராய்கிறார்கள். கோபத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவு என்னவென்று நமக்குத் தெரியும்: அடுத்த பந்தை ஓங்கி அடிப்பது. உடம்பை முதலில் இறக்கி, பிறகு யோசிப்பதே இந்த ஒழுங்கின் உயிர்.

ரஃபேல் நடாலின் தண்ணீர் பாட்டில்கள், கோட்டை மிதிக்காத நடை, சர்வுக்கு முன் மூக்கையும் காதையும் தொடும் வரிசை இவற்றை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வெளியே இருப்பதை ஒழுங்குபடுத்துவது மனத்துக்கு ஒரு வேலை தருகிறது. வேலை இருக்கும் மனம் எண்ணிக்கைப் பலகையில் தங்குவதில்லை. மூடநம்பிக்கைக்கும் சடங்குக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதிப்பதும் எளிது. அந்தச் சட்டையை இன்று துவைக்கப் போட்டுவிட்டார்களே என்று ஒரு பிள்ளை கலங்கினால் அது மூடநம்பிக்கை. எங்கே, எந்த உடையில், எந்தக் களத்தில் என்றாலும் செய்ய முடிவதும், தன் கையில் மட்டுமே இருப்பதும் சடங்கு.

பக்கம் மாறும் 90 விநாடிகளுக்கு ஒரு முன்மாதிரி ஆர்தர் ஆஷ். 1975 விம்பிள்டன் இறுதியில் ஜிம்மி கானர்ஸ்தான் வெல்வார் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 31 வயது ஆஷ் வழக்கமான தன் வேகமான ஆட்டத்தைக் கைவிட்டு, மெதுவான, தாழ்வான, சுழலும் பந்துகளாகக் கொடுத்து கானர்ஸின் வேகத்துக்குத் தீனி இல்லாமல் செய்தார். நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டார். 6-1, 6-1 என்று போன பிறகு மூன்றாவது செட்டை கானர்ஸ் 7-5 என எடுத்தார், நான்காவதிலும் முந்தினார். ஆஷ் திட்டத்தை மாற்றவில்லை; அந்த செட்டை 6-4 என்று முடித்தார். தன் இயல்பான ஆட்டத்துக்கே எதிரான ஒரு திட்டத்தை, அது சற்றுத் தடுமாறும்போதும் கைவிடாமல் பிடித்துக்கொள்ள எவ்வளவு அமைதி வேண்டும் என்பது போட்டி ஆடியவர்களுக்குத் தெரியும்.

தனக்குள் பேசும் பேச்சு

1974-இல் திமதி கால்வே எழுதிய 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' இந்தத் துறைக்கே ஒரு கதவைத் திறந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்குள்ளும் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவரும் செய்கிற ஒருவரும் இருக்கிறார்கள். சொல்கிறவர் வாயை மூடினால் செய்கிறவர் நன்றாகச் செய்வார் என்பது அவர் பார்வை. வாயை மூடு என்றால் மூடாது. அதனால் அதற்கு ஒரு சிறு வேலை கொடுத்தார்: பந்து தரையில் படும்போது 'பட்டது', ராக்கெட்டில் படும்போது 'அடித்தேன்' என்று சொல்லச் சொன்னார். கவனம் பந்தின் மீது நிற்க, கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

கால்வே அனுபவத்தில் கண்டதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பலவிதமாக உறுதி செய்தன. 1992-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் கோல்ஃப் பந்தைக் குழியில் உருட்டும் சோதனையில், விதிகளை மனப்பாடமாகக் கற்றவர்கள் நெருக்கடியில் சரிந்ததையும், விதி தெரியாமல் பழகியவர்கள் அவ்வளவு பாதிக்கப்படாததையும் காட்டினார். பழகிப்போன அசைவை நெருக்கடியில் மறுபடி உறுப்பு உறுப்பாகக் கட்டுப்படுத்தப் பார்ப்பதுதான் கை இறுகிப்போவதன் ஒரு முக்கியக் காரணம். காப்ரியேலே வுல்ஃபின் ஆய்வுகள் கவனத்தை மணிக்கட்டிலோ முழங்கையிலோ வைப்பதைவிடப் பந்து போக வேண்டிய இடத்தில் வைப்பது நல்லது என்று திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே 5-5 என்றிருக்கும்போது வேலிக்கு வெளியே இருந்து 'முழங்காலை மடக்கு', 'டாஸைத் தூக்கிப் போடு' என்று கத்தும் பயிற்சியாளர் நல்லெண்ணத்தோடு தீங்கு செய்கிறார்.

'டபுள் ஃபால்ட் போட்டுடாதே' என்பது இன்னும் மோசம். ஒன்றை நினைக்காதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அதையே சுற்றிவரும் என்பதை டேனியல் வெக்னர் 1987-இல் புகழ்பெற்ற வெள்ளைக் கரடிச் சோதனையில் காட்டினார். மனத்துக்கு 'வேண்டாம்' என்பது புரிவதற்குள் படம் வந்துவிடுகிறது. மாறாக, 'பேக்ஹேண்ட் பக்கம், சுழற்றிப் போடு' என்ற வாக்கியத்தில் வலையும் இல்லை, தவறும் இல்லை.

தன்னோடு நல்லவிதமாகப் பேசிக்கொண்டால் வென்றுவிடலாம் என்று விற்கப்படும் நம்பிக்கையை இங்கே கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். 1994-இல் ஜூடி வான் ரால்ட்டியும் உடன் ஆய்வாளர்களும் 24 ஜூனியர் ஆட்டக்காரர்களைப் போட்டிகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். தன்னைத் தானே திட்டிக்கொள்வது தோல்வியோடு சேர்ந்து வந்தது. ஆனால் தன்னைப் பாராட்டிக்கொள்வதற்கும் வெற்றிக்கும் தொடர்பு தெரியவில்லை. கிரேக்கத்தின் ஹாட்சிஜார்ஜியாடிஸ் குழு 2011-இல் 32 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, திட்டமிட்டுப் பழகிய பேச்சு நடுத்தரமான அளவில் உதவுகிறது என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்வது இது: திட்டுவதை நிறுத்துவது முதல் வேலை, அந்த இடத்தில் வைக்க வேண்டியது புகழுரையைவிட ஒரு குறுகிய, பழகிய கட்டளை. 'நீ சூப்பர்' என்பதற்கு மனம் எதிர்வாதம் செய்யும். 'காலை நகர்த்து' என்பதற்குச் செய்யாது.

எல்லாருக்கும் அமைதிதான் மருந்தா என்றால் அதுவும் இல்லை. சோவியத் நாட்டு உளவியலாளர் யூரி ஹானின் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனக்கே உரிய பதற்ற அளவு உண்டு, அதில்தான் அவர் நன்றாக ஆடுவார் என்றார். போர்க் சலனமில்லாமல் ஆடினார். மெக்கன்ரோ கொதித்துக்கொண்டே ஆடினார். மந்தமாகிவிடும் பிள்ளைக்கு ஆழ்ந்த மூச்சைச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை. அதற்கு நாலு குதி குதிக்கச் சொல்ல வேண்டும். தன் நல்ல ஆட்டங்களில் உடம்பு எப்படி இருந்தது என்று குறித்துவைத்தால்தான் இது தெரியவரும்.

இலக்கு எங்கே நிற்க வேண்டும்

இலக்கைப் பற்றிய ஆராய்ச்சி விளையாட்டில் பிறந்ததல்ல. 1960-களிலிருந்து எட்வின் லாக், பிறகு அவரோடு கேரி லேத்தம், அலுவலகங்களிலும் தொழில் இடங்களிலும் 'முடிந்தவரை செய்' என்பதைவிடக் கறாரான, கடினமான இலக்கு அதிக வேலையை வாங்குகிறது என்று காட்டினார்கள். 1985-இல் இதை விளையாட்டுக்கும் கொண்டுவந்தார்கள். விளையாட்டு ஆய்வுகளில் தொடக்கத்தில் விளைவு கலங்கலாகவே வந்தது. அதற்கு ஒரு காரணம் சுவையானது: இலக்கு எதுவும் கொடுக்கப்படாத குழுவினரும் தமக்குள் இரகசியமாக இலக்கு வைத்துக்கொண்டார்கள். விளையாடுகிறவர்கள் அப்படித்தான்.

பிறகு இலக்கை வகை பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 'இந்தப் போட்டியை வெல்வேன்', 'மாநிலத்தில் முதல் பத்துக்குள் வருவேன்' என்பவை முடிவு இலக்குகள். 'முதல் சர்வ் நூற்றுக்கு அறுபது உள்ளே விழ வேண்டும்' என்பது அளவு இலக்கு. 'ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் எதிராளி அடிக்கும் நொடியில் சிறு குதி போடுவேன்' என்பது செயல் இலக்கு. ஓலி வில்லியம்சனும் உடன் ஆய்வாளர்களும் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், ஆட்டத்தை உயர்த்துவதில் செயல் இலக்குகள் முதலிடம் பெற்றன, அளவு இலக்குகள் ஓரளவு உதவின, முடிவு இலக்குகளின் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை. செயல் இலக்குகளைச் சோதித்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அந்த இடைவெளியின் அளவை அப்படியே நம்ப வேண்டாம். திசையை நம்பலாம். டென்னிசில் அதற்குக் காரணமும் கண்முன் இருக்கிறது: வெற்றி என்பது எதிரே நிற்பவரின் கையிலும் பாதி இருக்கிறது.

முடிவு இலக்கைத் தூக்கி எறியச் சொல்லும் பயிற்சி நூல்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து களத்துக்கு வரும் பதின்ம வயதுப் பிள்ளையை எழுப்புவது சிறு குதி பற்றிய ஆசை அல்ல. பியான்கா ஆண்ட்ரீஸ்கு பதினாறு வயதளவில் யு.எஸ். ஓபன் பரிசுத் தொகைக்குத் தன் பெயரில் ஒரு போலிக் காசோலை எழுதி வைத்துக்கொண்டார். 2019-இல் செரீனா வில்லியம்ஸை வென்று அதை உண்மையாக்கினார். கனவு வேண்டும். அது களத்தின் வாசல்வரை கூட்டிவரட்டும். உள்ளே போனதும் வேறு இலக்கு பொறுப்பேற்க வேண்டும்.

தரவரிசை இதைக் கடினமாக்குகிறது. டென்னிஸ் தரவரிசை 52 வாரச் சக்கரம். சென்ற ஆண்டு இதே வாரம் எடுத்த புள்ளிகள் இந்த வாரம் கழியும். நன்றாக ஆடியவரே அதிகம் 'காப்பாற்ற' வேண்டியவர் ஆகிறார். இங்கே அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் (ஏஐடிஏ) தரவரிசையைத் துரத்தும் குடும்பங்களில் இதன் சிறு வடிவத்தைப் பார்க்கலாம். டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று வாரத்துக்கு ஓர் ஊர். பதிவு குறைவாக இருக்கும் போட்டியைத் தேடிப் போவது. தோற்றால் புள்ளி போகும் என்பதற்காகப் புதிய சர்வை ஆட்டத்தில் முயலாமல் பழைய, பாதுகாப்பான தள்ளு சர்வையே போடுவது. பன்னிரண்டு வயதில் உயரமாகத் தூக்கிப் போட்டுத் தள்ளி ஆடும் பிள்ளை நிறைய ஜெயிக்கும். பதினாறில் அதே பிள்ளை நின்றுபோகும். முடிவு இலக்கு வளர்ச்சியைத் தின்பது இப்படித்தான். ஆகவே பருவத்தைப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன்: சில போட்டிகள் வெல்வதற்கு, சில போட்டிகள் பழகுவதற்கு. இரண்டாம் வகையில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை முறை இரண்டாவது சர்வைச் சுழற்றிப் போட்டாய்' என்பது மட்டுமே.

செயல் இலக்கை நெருக்கடிக்குள் கொண்டுசேர்க்க மிக நல்ல கருவி பீட்டர் கோல்விட்சர் வகுத்த 'இப்படி ஆனால், இதைச் செய்வேன்' என்ற திட்டம். 2008-இல் ஆக்ட்சிகர், கோல்விட்சர், ஷீரன் மூவரும் இதை டென்னிஸ் ஆட்டக்காரர்களிடம் சோதித்தார்கள். தம்மைக் குலைக்கும் எண்ணங்களுக்கும் உணர்வுகளுக்கும் முன்கூட்டியே இப்படித் திட்டம் எழுதியவர்கள், பயிற்சியாளரும் சக ஆட்டக்காரர்களும் மதிப்பிட்டதில், வெறும் இலக்கு மட்டும் வைத்துக்கொண்டவர்களைவிட நன்றாக ஆடினார்கள். இதை நம் களத்துக்குக் கொண்டுவருவது எளிது. நடுவர் இல்லாத ஜூனியர் ஆட்டங்களில் தன் பக்கத்துக் கோட்டைத் தானே பார்த்துச் சொல்ல வேண்டும். சண்டையும் கண்ணீரும் அங்கேதான் தொடங்கும். 'உள்ளே விழுந்த பந்தை அவன் அவுட் என்றால், ஒரு தடவை கேட்பேன், திரும்பி வேலிவரை நடப்பேன், நரம்புகளைச் சரிசெய்வேன், அடுத்த ரிட்டர்னை நடுவில் ஆழமாகப் போடுவேன்.' இது முந்தைய இரவே எழுதப்பட்டிருந்தால், அந்த நொடியில் முடிவெடுக்கும் சுமை பிள்ளைக்கு இல்லை. 'சர்வை இழந்தால்', 'முன்னிலையில் இருக்கும்போது கை இறுகினால்', 'அப்பா எழுந்து போனால்' என்று இன்னும் நாலைந்து போதும்.

நோவோட்னாவின் 40-30-க்கு இப்படி ஒரு திட்டம் உதவியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முன்னிலையில் இருக்கும்போது என்ன செய்வது என்பதற்குத் திட்டம் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு; பின்தங்கினால் என்ன செய்வது என்பதையே எல்லாரும் பழகுகிறார்கள்.

எழுதியது பழக்கமாக வேண்டும். பயிற்சியில் கூடை கூடையாகப் பந்து அடிப்பதில் நெருக்கடி இல்லை. சிறிய பதற்றத்தோடு பழகியவர்கள் பெரிய பதற்றத்தில் சரிவதில்லை என்று நெதர்லாந்தின் ராவுல் அவுடேயான்ஸ் கூடைப்பந்திலும் அம்பு எறிதலிலும் காட்டினார். ஒவ்வொரு பயிற்சி கேமையும் 30-40 என்று தொடங்குவது, ஒரே ஒரு சர்வ் மட்டும் அனுமதிப்பது, மற்றவர்கள் சுற்றி நிற்க டை-பிரேக் ஆடவைப்பது போன்றவற்றுக்குப் பணம் தேவையில்லை. 25 விநாடி ஒழுங்கையும் அந்தப் பயிற்சியிலேயே செய்ய வைக்க வேண்டும். வாரம் முழுவதும் புள்ளி முடிந்த உடனே அடுத்த பந்தை எடுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போட்டியில் மட்டும் நிதானமாக நட என்றால் உடம்பு கேட்காது.

யாருடைய இலக்கு

ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-இல் பதின்மூன்று வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார், பதினான்கில் முதல் பத்துக்குள், பதினாறில் ஒலிம்பிக் தங்கம். பதினெட்டுக்குள் ஆட்டத்தை விட்டே போய்விட்டார். அதன்பின் பெண்கள் டென்னிஸ் சங்கம் இளம் வயதினர் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியது. காப்ரியாட்டி திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் வென்றது வேறொரு மனிதராக. ஆண்ட்ரே அகாசி 2009-இல் வெளியிட்ட சுயசரிதையில், தந்தை திணித்த டென்னிசை வெறுத்ததாகவே எழுதினார். 1997-இல் 141-ஆம் இடத்துக்குச் சரிந்து, சிறிய சேலஞ்சர் போட்டிகளிலிருந்து மறுபடி ஏறி, 1999-இல் முதலிடத்துக்கு வந்தபோது இலக்கு முதன்முறையாக அவருடையதாக இருந்தது.

1996-இல் டேனியல் கூல்டும் உடன் ஆய்வாளர்களும் சலித்து வெளியேறிய ஜூனியர் டென்னிஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, பெற்றோரின் எதிர்பார்ப்பும் விமர்சனமும் மிகுதியாகவும், தன் பயிற்சியைப் பற்றித் தானே முடிவெடுக்கும் இடம் குறைவாகவும் இருந்தது தெரிந்தது. பத்தாண்டுக்குப் பின் அதே கூல்ட் அமெரிக்க ஜூனியர் பயிற்சியாளர்களிடம் கேட்டபோது, பெற்றோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிள்ளையின் வளர்ச்சிக்கு இடையூறு என்று அவர்கள் கணித்தார்கள். பெரும்பான்மைப் பெற்றோர் உதவுகிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு பிள்ளை போட்டி டென்னிஸ் ஆட, குடும்பம் நிலத்தை விற்பதும் தாய் வேலையை விடுவதும் நடக்கிறது. அந்தத் தியாகத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே சொல்கிறேன்: தியாகத்தின் கணக்கைப் பிள்ளையின் ஒவ்வொரு டபுள் ஃபால்ட்டிலும் வசூலிக்கக் கூடாது. தோற்றுத் திரும்பும் வண்டியில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்பதைப் பிள்ளை தொடங்கட்டும்.

ஆஷ்லி பார்ட்டி 2014-இல் டென்னிசை விட்டுவிட்டு கிரிக்கெட் ஆடினார். 2016-இல் தானாகத் திரும்பினார். 2019-இல் பிரெஞ்சு ஓபன், 2021-இல் விம்பிள்டன், 2022-இல் சொந்த நாட்டின் ஆஸ்திரேலிய ஓபன். அதே ஆண்டு மார்ச்சில், உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில் ஓய்வு. நம்மில் பலருக்கு அந்த ஓய்வு புரியவில்லை. இலக்கு அவருடையது என்பதால் முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமையும் அவருடையதாக இருந்தது.

மனத்திறன் பயிற்சியால் செய்ய முடியாததும் உண்டு. அதைத் தெரிந்துகொள்வது பயிற்சியாளரின் கடமை. 2012 யு.எஸ். ஓபனில் ஃபெடரரோடு ஆடவிருந்த நான்காம் சுற்று ஆட்டத்திலிருந்து மார்டி ஃபிஷ் விலகினார். காரணம் கடுமையான பதற்ற நோய். 2021-இல் நவோமி ஒசாகா பிரெஞ்சு ஓபனிலிருந்து முதல் சுற்றை வென்றபின் விலகி, 2018 முதல் மனச்சோர்வால் துன்பப்படுவதை வெளிப்படையாகச் சொன்னார். இவர்கள் கோழைகள் அல்லர். இவர்களுக்குச் சடங்கும் மூச்சும் போதாது, சிகிச்சை வேண்டும். ஃபிஷ் சிகிச்சை பெற்று, 2015-இல் அதே யு.எஸ். ஓபனில் ஆடி விடைபெற்றார். போட்டிக்கு முன் வயிறு கலங்குவது இயல்பு. ஆட்டம் இல்லாத நாட்களிலும் தூக்கம் வராமல், சாப்பிடாமல், நண்பர்களைத் தவிர்த்து, எதிலும் பிடிப்பில்லாமல் ஒரு பிள்ளை வாரக்கணக்கில் இருந்தால் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 முதல் இந்திய அரசின் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். ஒவ்வொரு அகாடமியின் அறிவிப்புப் பலகையிலும், டிரா தாளுக்குப் பக்கத்தில், அந்த எண்ணை ஒட்டி வைக்கலாம்.